இதயத்தின் கதவு - 9: ஆட்டிலும் முயன்று பார்க்காத பாதை

போன வாரம் உங்களை ஒரு கட்டிலருகே நிறுத்திவிட்டுப் போனேன். பிரான்ஸின் ருவான் நகரம். ஷார்ல் நிக்கோல் மருத்துவமனை. கட்டிலில் 57 வயது மனிதர். அறுவை மருத்துவர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். கட்டிலின் இந்தப் பக்கம் நின்றவர் அலான் க்ரிபியே.

அவரிடம் ஒரு வால்வு இருந்தது. அதுவரை எந்த மனித உடலுக்குள்ளும் போகாத வால்வு.

பொருத்தினாரா, இல்லையா?

ஒரு வாரம் காத்திருந்தீர்கள். வாருங்கள், உள்ளே போவோம்.

முதலில் அந்த மனிதரின் நிலைமை. இடது கீழறையிலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் போகிற ஒரே வாசல் பெருந்தமனி வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூட வேண்டியவை. அவருக்கு அவை கல்லாகிவிட்டன. உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, சுரண்டினாலும் வராதே, அப்படிக் கால்சியம் படிந்து இறுகிப்போன இதழ்கள். நடுவில் ஒரு கீறல் மட்டும் மிச்சம். அந்தக் கீறல் வழியாக இதயம் முட்டி மோதி ரத்தத்தைத் தள்ளிப் பார்த்தது. தள்ளித் தள்ளித் தளர்ந்துவிட்டது.

இதய அதிர்ச்சி நிலை. அதாவது உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியவில்லை. ரத்த அழுத்தம் கீழே. கை கால் சில்லிட்டுப்போயின.

போதாக்குறைக்குக் கால். தொடைக்குப் போகும் தமனிகள் அடைத்து, எப்போதோ பைபாஸ் செய்து பதித்த செயற்கைக் குழாய்களும் அடைத்துக்கொண்டன. ஒரு கால் ரத்தம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தது. இதயத்துக்கு வெளியேயும் வேறு நோய்கள். நெஞ்சைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, இயந்திரத்தில் மாட்டி வால்வை மாற்றுகிற ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது. அறுவை மருத்துவர்கள் மறுத்ததில் தவறே கிடையாது. மேஜையிலேயே இறந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

க்ரிபியே சும்மா இருக்கவில்லை. தனக்குக் கைவந்த வித்தையை முதலில் செய்து பார்த்தார். பலூன் வித்தை. 1985இல் இதே ஊரில், அறுவைக்கு மறுக்கப்பட்ட 72 வயதுப் பெண்மணிக்கு உலகிலேயே முதன்முறையாக அவர் செய்தது. வால்வின் நடுவே பலூனை வைத்து ஊதி, இறுகிய இதழ்களைப் பிளந்து விரிக்கும் முறை.

விரிந்தது. மூச்சு வந்தது.

நீடிக்கவில்லை. மறுபடி சுருங்கிவிட்டது.

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. க்ரிபியேவை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடாமல் செய்த தோல்வியே இதுதான். பலூன் போட்டு அனுப்பிய முதியவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சில மாதங்களில் அதே மூச்சுத்திணறலோடு அதே வாசலில் வந்து நிற்பார்கள். கதவைத் தள்ளித் திறக்கிறோம், அது தானாக மூடிக்கொள்கிறது. அப்படியானால் உள்ளே ஒரு நிலையை முட்டுக் கொடுத்து, அந்த நிலையிலேயே புதுக் கதவையும் மாட்டிவிட்டால்? அவருடைய வாழ்நாள் கேள்வி இது. நிலை என்பது ஸ்டென்ட். கதவு என்பது மாட்டின் இதய உறையிலிருந்து வெட்டித் தைத்த மூன்று இதழ்கள்.

இதற்காக அவர் பட்ட பாட்டை முந்தைய வாரங்களில் சொல்லிவிட்டேன். பெரிய கம்பெனிகளின் வாசலில் ஏறி இறங்கியது. இதைவிட முட்டாள்தனமான திட்டம் இருக்க முடியாது என்று நிபுணர்கள் சொன்னது. கடைசியில் மார்ட்டின் லியோன், ஸ்டான் ராபினோவிச், ஸ்டான்டன் ரோ ஆகியோருடன் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனியைத் தானே தொடங்கியது. இஸ்ரேலியப் பொறியாளர்கள் அந்த வால்வை உருவாக்கியது. பாரிஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளில் பொருத்திப் பார்த்தது.

இப்போது 2002, ஏப்ரல் 16.

ஒரு நிமிஷம் க்ரிபியேவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

கையில் இருப்பது இத்தனை வருட உழைப்பு. முதல் மனிதரில் தோற்றால் அது ஒரு மனிதரின் சாவோடு முடியாது. அன்றைக்கே சொன்னோமே என்று நிபுணர்கள் கிளம்புவார்கள். பணம் போட்டவர்கள் பின்வாங்குவார்கள். கதவை மூடுவார்கள். அறுவை செய்ய முடியாமல் வீட்டில் காத்துக்கிடக்கும் ஆயிரக்கணக்கான முதியவர்களுக்கும் சேர்த்து மூடுவார்கள். மூச்சுத்திணறல் தொடங்கிய பிறகு இந்த நோயோடு 2 ஆண்டு தாண்டுவது பாதிப் பேர்தான்.

காரியம் தெரிந்தவன் எவனும் என்ன செய்வான்? முதல் முயற்சிக்குக் கொஞ்சம் தெம்பான ஆளாகப் பார்ப்பான். ரத்தக்குழாய் நன்றாக இருக்கிற ஆள். தோற்றாலும் தப்பிக்க வழி இருக்கிற ஆள்.

க்ரிபியே முன்னால் கிடந்தவர் இதற்கு நேர் எதிர்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நாளைக்கு வரப்போகிற ஆயிரம் பேருக்கு இன்னும் முகம் கிடையாது. இவருக்கு இருக்கிறது. இன்று கைவிட்டால் இவர் நாளை இல்லை. வால்வு இதே கட்டடத்தில் இருக்கிறது. இருந்தும் கொடுக்காமல் விடுவதா? நல்ல நோயாளிக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று எந்த மருத்துவர் ஒரு குடும்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்?

துணிச்சல் என்று நாம் சொல்வதற்கு முன்னால் இதை நினைக்க வேண்டும். அன்று அவருக்கு முன் இருந்தது மருத்துவனின் மிகப் பழைய கேள்வி. இந்த மனிதருக்கு நான் இப்போது என்ன செய்ய முடியும்?

செய்வது என்று முடிவானது.

முடிவு எடுத்த கையோடு முட்டுக்கட்டை வந்து நின்றது.

எந்த வழியாகப் போவது?

ஆடுகளில் தமனி வழியாகப் போனார்கள். ரத்தம் வரும் திசைக்கு எதிராக, பெருந்தமனியிலிருந்து வால்வை நோக்கி ஏறும் வழி. நேர்வழி, கிட்டத்து வழி. ஆனால் இவருக்குத் தொடைத் தமனிகள் அடைத்துக் கிடக்கின்றன. அந்தக் காலத்து வால்வுக் குழாயோ 8 மில்லிமீட்டர் உள்ளகலம் கொண்டது. சுண்டுவிரல் பருமன். அடைத்த தமனியில் அது நுழையாது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. சிரை வழி.

இந்தப் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தொடைச் சிரையில் நுழைய வேண்டும். மேலேறினால் இதயத்தின் வலது மேலறை. ஆனால் போக வேண்டியது இடது பக்கம். நடுவில் சுவர். அந்தச் சுவரை ஊசியால் குத்தித் துளைத்து, பலூனால் துளையைப் பெரிதாக்கி, இடது மேலறைக்குள் போக வேண்டும். அங்கிருந்து மைட்ரல் வால்வைக் கடந்து கீழறைக்குள் இறங்க வேண்டும். இறங்கிய வேகத்தில் கொண்டை ஊசி வளைவு போல வளைந்து மேலே திரும்பி, கல்லாகிப்போன அந்தக் கீறலுக்குள் போக வேண்டும்.

இந்த வால்வோடு இந்த வழியில் ஆட்டில்கூட யாரும் போனதில்லை.

ஆபத்து எங்கே தெரியுமா? அந்த வளைவில். உள்ளே போகும் வழிகாட்டிக் கம்பி கீழறையில் தளர்வாக, ஒரு வளையமாகக் கிடக்க வேண்டும். கொஞ்சம் இழுபட்டு விறைத்துவிட்டால் அது மைட்ரல் வால்வின் இதழை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கதவு மூடாது. ரத்தம் பின்னோக்கிப் பாயும். ஏற்கெனவே அதிர்ச்சியில் இருக்கும் இதயம் அதைத் தாங்காது.

ஒரே ஒரு விஷயம் க்ரிபியேவுக்குச் சாதகம். சுவரைத் துளைத்துப் போகும் வேலை அவர் கைக்குப் பழக்கம். சுருங்கிய மைட்ரல் வால்வைப் பிளக்க அவரே உலோகத்தில் ஒரு கருவி செய்திருந்தார். சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பணமில்லாத நாடுகளின் நோயாளிகளுக்கும் எட்டும். அந்தக் கருவியோடு எத்தனையோ முறை அந்தச் சுவரைக் கடந்திருக்கிறார். இளம் வயதில் பியானோவா மருத்துவமா என்று தவித்த மனிதர் அவர். கடைசிவரை பியானோ வாசித்தார். அந்த விரல்கள்தான் அன்று கம்பியைப் பிடித்தன.

உடன் எலென் எல்ச்சனினோஃப், க்ரிஸ்தோஃப் த்ரோன். பலூன் காலத்திலிருந்து வந்த அவருடைய ஆட்கள். எல்லாருக்கும் ஈய அங்கி. எதிரே எக்ஸ்ரே திரை.

ஒரு பக்கம் வால்வைத் தயார் செய்தார்கள். பதம் செய்த இதழ்களைக் கழுவ வேண்டும். விரிந்த நிலையில் 23 மில்லிமீட்டர் அகலம். நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. அதைப் பலூன் மேல் வைத்துச் சுற்றிலும் சீராக அழுத்தி, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். கூடுதலாக நசுக்கினால் இதழ் கிழியும். குறைவாக நசுக்கினால் குழாய்க்குள் போகாது.

ஊசி சுவரைக் குத்தியது. கடந்தது.

கம்பி மைட்ரல் வால்வைத் தாண்டியது. வளைந்தது. கல்லான கீறலைத் தேடிப் பிடித்து நுழைந்து பெருந்தமனிக்குள் நீண்டது.

இனி வால்வு அதன் மேல் ஏற வேண்டும்.

மெல்ல. மிக மெல்ல. தொடையில் தள்ளும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் இதயத்துக்குள் வளைவாக மாறுகிறது. ஒரு கண் திரையில். ஒரு கண் அழுத்தக் கோட்டில். தள்ளு. நில். பார். மறுபடி தள்ளு.

வால்வு வளைவைக் கடந்தது. கல் இதழ்களுக்கு நடுவே போய் நின்றது.

இதற்கு மேல்தான் அந்த நொடி.

ஸ்டென்டின் உயரம் வெறும் 14 மில்லிமீட்டர். சற்று மேலே போனால் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரித் தமனிகளின் வாய் அடைபடும். சற்றுக் கீழே போனால் மைட்ரல் இதழில் இடிக்கும். சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஆனால் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பலூன் ஆடுகிறது. திரையில் ரத்தம் தெரியாது. இதழ் தெரியாது. எதை அடையாளமாக வைத்து நிறுத்துவது?

கால்சியத்தை.

எக்ஸ்ரேயில் கால்சியம் தெரியும். திட்டுத் திட்டாக, சாம்பல் நிறத்தில், துடிப்புக்குத் துடிப்பு அசைந்தபடி. எது இத்தனை நாள் அந்த மனிதரின் உயிரைக் குடித்ததோ அதுவே அன்று கலங்கரை விளக்கம். ஸ்டென்டின் நடுப்பகுதியை அந்தத் திட்டுகளின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வால்வைப் பிடித்துக்கொள்ளப் போவதும் அதே கால்சியம்தான். இறந்தவர்களின் இதயங்களில் ஸ்டென்டை விரித்து, பிறகு இழுத்துப் பார்த்து க்ரிபியே உறுதி செய்துகொண்ட உண்மை அது. கல்லில் ஆப்பு இறுகுவது போல இறுகிவிடும். இறந்த இதயத்தில் அப்படி.

உயிருள்ள இதயத்தில்?

பலூன் விரிந்தது.

பலூன் விரிந்திருக்கும் அந்த நொடிகளில் வாசல் முழுதாக அடைபடும். ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாது. அழுத்தக் கோடு சரியும். இன்றைக்கு இந்தச் சிகிச்சையில் இதயத்தைச் சில நொடிகள் அதிவேகமாகத் துடிக்கவைத்து, ரத்த ஓட்டத்தைத் தணித்து, வால்வு நழுவாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் பின்னால் வழக்கமானது.

பலூனைச் சுருக்கினார்கள்.

திரையில் வட்டமாக, முழுசாக, அசையாமல் ஸ்டென்ட் நின்றது.

அது நழுவி வெளியே பறந்துவிடும் என்றார்கள் நிபுணர்கள். பறக்கவில்லை. கரோனரி அடைத்துக்கொள்ளும் என்றார்கள். அடைக்கவில்லை. மைட்ரல் வால்வு கெட்டுவிடும் என்றார்கள். கெடவில்லை. புது வால்வின் ஓரமாக லேசான கசிவு மட்டும்.

பிறகு எல்லாரும் அந்த மனிதரைப் பார்த்தார்கள்.

அழுத்தம் ஏறியது. வெளிறிக் கிடந்த முகத்தில் நிறம் வந்தது. செத்தவர் எழுந்தது போல இருந்தது என்று க்ரிபியே இந்தக் காட்சியைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து எக்கோவில் பார்த்தார்கள். மாட்டின் உறையில் தைத்த மூன்று இதழ்களும் மனித இதயத்துக்குள் அழகாகத் திறந்து மூடின.

மனித வரலாற்றில் முதன்முறையாக, நெஞ்சைப் பிளக்காமல் பெருந்தமனி வால்வு மாற்றப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினால், திடீரென்று மயங்கிச் சரிந்தால், “வயசாச்சுல்ல” என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயின் சத்தம் ஸ்டெதஸ்கோப்பிலேயே பெரும்பாலும் கேட்கும். எக்கோவில் தெரிந்துவிடும். ருவானில் அந்த வாசல் திறந்ததால்தான் இன்று 80 வயதுக்காரர்களுக்கும் செய்வதற்கு ஏதோ இருக்கிறது. கண்டுபிடித்தால்தானே செய்ய முடியும்?

சரி, அந்த மனிதருக்கு என்ன ஆனது?

சொல்லாமல் விடக்கூடாது. வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

இதயம் நன்றாக இருந்தது. மாதங்கள் போயும் வால்வு ஒழுங்காக வேலை செய்தது. இதயச் செயலிழப்பு திரும்பவே இல்லை. ஆனால் கால் கேட்கவில்லை. ரத்தம் போகாத அந்தக் கால் நாளுக்கு நாள் மோசமானது. வெட்டி எடுத்தார்கள். புண் ஆறவில்லை. கிருமி தொற்றியது.

வால்வு பொருத்திய பதினேழாவது வாரம் அவர் இறந்துபோனார்.

தோல்வி என்கிறீர்களா? நான் சொல்லமாட்டேன். கைவிடப்பட்ட உடம்புக்குப் பதினேழு வாரம் கிடைத்தது. இறுதியில் அவரைக் கொண்டுபோனது காலில் தொடங்கிய கேடு. வால்வு கடைசிவரை நின்றது. க்ரிபியேவும் எதையும் மறைக்கவில்லை. வெட்டிய காலையும் ஆறாத புண்ணையும் சாவையும் சேர்த்தே ‘சர்க்குலேஷன்’ மருத்துவ இதழில் அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதினார். அதனால்தான் அவர் சொன்ன மற்றதையும் உலகம் நம்பியது.

ஆனால் உலகம் படித்தபோது டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்திலும் ஒரு டாக்டர் இருந்தார்.

அவருக்கு இது புதுச் செய்தி அல்ல. பதிமூன்று வருடங்களுக்கு முன்பே, கசாப்புக் கடையில் பன்றி இதயங்களை வாங்கி, அவற்றின் வால்வை வெட்டியெடுத்து, தன் கையாலேயே கம்பி வளைத்துச் செய்த ஸ்டென்டுக்குள் தைத்தவர் அவர். 1989 மே 1 அன்று உயிருள்ள ஒரு பன்றிக்குள் குழாய் வழியாக அதைப் பொருத்தியும் காட்டிவிட்டார். காப்புரிமையும் வாங்கியிருந்தார். க்ரிபியேவின் கம்பெனியும் அந்தக் காப்புரிமையின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

அவர் பெயர் ஹென்னிங் ஆண்டர்சன். அந்த மே தினத்தின் ஆர்ஹூஸ் ஆய்வுக்கூடத்தில் அடுத்த வாரம் சந்திப்போம்.